ஒரு கொடி குறையாத வருஷம்

நாளா? அப்பா செத்த நாளை எங்கிட்ட வந்து கேக்குறியே கோதை, நான் என்னத்தம்மா சொல்லுவேன்? முதல்ல உள்ள வா. செருப்பை வெளியவே விடு, யாரும் எடுக்க மாட்டாங்க. இந்த நாற்காலியில உக்காரு. சோபாவுல நாட்டுக் கொடி பரப்பி வச்சிருக்கேன், மேல உக்காந்துடாதே. ஜூலை பாதி வந்தாச்சுல்ல, ஒவ்வொண்ணா இஸ்திரி போட்டுக்கிட்டிருந்தேன்.

பெர்த்துலேருந்து பிளேன் இறங்கி நேரா வர்றியா? மெலிஞ்சுட்டே. அத்தை இருந்தா இந்நேரம் சோத்தைப் போட்டு உக்கார வச்சிருப்பா. அவ இப்ப எங்க மக வீட்டுல இருக்கா, பொங்கோலுல. முட்டி வலி. இங்க லிஃப்ட் நிக்கிற மாடியிலேருந்து அரை மாடி இறங்கணும்ல, அதான் முடியல அவளுக்கு. வேற ஒண்ணுமில்ல. கோப்பி கலக்குறேன், இரு. நான் கலக்குனா கொஞ்சம் கசக்கும்.

கோயில் ஐயர் என்ன தப்பாச் சொல்லிட்டாரு? செத்த நாள் தெரியாதவங்களுக்கு அமாவாசையில திதி குடுக்கிறது ஊரு வழக்கந்தான். கடல்ல போனவங்க, சண்டையில காணாமப் போனவங்க, அவங்களுக்கெல்லாம் அப்படித்தானே செய்றாங்க. என்னது? உங்கப்பா காணாமப் போனவரு இல்லேங்கிறியா? அதுவும் நியாயந்தான். இந்தா இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவரு. டாக்டருங்களே மூணு வாரமிருக்கலாம், அஞ்சு வாரமிருக்கலாம்னு கையை விரிச்சுட்டாங்க. சர்ட்டிபிகேட்டுல கண்டுபிடிச்ச நாளைத்தான் போட்டிருக்காங்க, அது செத்த நாளாகுமா? ஆகாது. தலைத் திவசம் வருது, ஒரே பொண்ணு நீ, நாள் வேணும். புரியுது.

சரி, நான் ஒண்ணு செய்றேன். எனக்குத் தெரிஞ்சதை ஒண்ணு விடாம சொல்றேன். அதுல உனக்கு நாள் கிடைச்சா எடுத்துக்க. ஆனா முதல்லயே சொல்லிப்புடுறேன், பேப்பர்ல போட்டானே, "அக்கம்பக்கத்தாருக்குத் தெரியவே இல்லை"ன்னு, அது பச்சைப் பொய். அவரைப் பத்தி எனக்குத் தெரியாததா? எத்தனை மணிக்கு எந்திரிப்பாரு, எப்பக் குளிப்பாரு, எப்ப இருமுவாரு, எல்லாம் தெரியும். ஆண்டவன் எனக்குக் கண்ணைக் கொஞ்சம் குறைச்சுட்டான், காதைக் குறைக்கல. துறைமுகத்துல அத்தனை வருஷம் கிரேன் சத்தத்துல நின்னும் காது அப்படியே இருக்கு. உங்கப்பாவுக்குத்தான் அங்கேயே காது மந்தமாப் போச்சு.

உனக்கு அந்தக் காலத்து நேஷனல் டே ஞாபகமிருக்கா? நீ சின்னப் பிள்ளை, பாவாடை போட்டுக்கிட்டுக் காகிதக் கொடியை ஆட்டிக்கிட்டு இந்தக் கொரிடோர்ல மேலுக்கும் கீழுக்கும் ஓடுவே. கலர் டிவி இந்த மாடியிலேயே முதல்ல வாங்குனது உங்க வீடுதான். உங்கப்பா அதை வாசப்படிக்கிட்ட தள்ளிக்கிட்டு வந்து வெளியில பாக்குற மாதிரித் திருப்பி வைப்பாரு. கொரிடோர் பூராப் பாய். ரொக்கையா வீட்டுலேருந்து ஒரு சட்டி ரெண்டாங் கறி, சீனர் வீட்டுலேருந்து பொப்பியாச் சுருள், இங்க அத்தை பகோடா போடுவா, உங்கம்மா பட்டாணிச் சுண்டல். லீவு நாளு, அடிக்கிற வெயில் அடங்கி, காத்து வர்ற நேரம். டாங்கி போகும், சிப்பாய்ங்க போவாங்க, பிளேன் பறக்குறப்ப எல்லாரும் டிவியை விட்டுட்டு நிஜமாவே வானத்தைப் பாப்போம். இந்தப் புளோக் மேலயே போகும்.

பரேட் தொடங்கப்போறப்ப உங்கம்மா சுவத்துல தட்டும். கரண்டியோட கட்டைக் காம்பாலதான். டொக், டொக், டொக். மூணு. "வாங்க, ஆரம்பிச்சாச்சு"ன்னு அர்த்தம். வாசல் நாலடியில இருக்கு, வந்து கூப்பிட்டா என்னன்னு நான் கேப்பேன். "அடுப்புல கை வச்சிருக்கேன் அண்ணே, கால் எப்படி நடக்கும்"னு சொல்லும் ஜெயம். அதுவே பழக்கமாப் போச்சு. தீபாவளிக்குத் தட்டுவோம், பொங்கலுக்குத் தட்டுவோம், உனக்குக் காய்ச்சல் கண்டப்ப உங்கப்பா தட்டி, நான் தூக்கம் கலைஞ்சு ஓடிவந்து டாக்சி பிடிச்சுக் குடுத்தேன். அந்தக் கரண்டி இன்னும் இருந்துச்சு, தெரியுமா? அதைப் பத்திப் பின்னால சொல்றேன்.

அப்புறம் ஆளாளுக்கு டிவி வந்துச்சு. டிவி வந்தா ஏர்கான் வந்துச்சு. ஏர்கான் வந்தாக் கதவைச் சாத்தித்தானே ஆகணும்? யாரையும் குத்தம் சொல்லல, நானுந்தான் சாத்துனேன். பாய் போச்சு, பொப்பியா போச்சு. புளோக் அடியில கமிட்டிக்காரங்க விழா வைக்க ஆரம்பிச்சாங்க. பெரிய ஸ்பீக்கர், மைக் பிடிச்சு நடத்துற எம்.சி., கேக் வெட்டுறது. போன்ல பேரைப் பதிஞ்சுட்டு வந்தா ஒரு பை குடுப்பாங்க. விசிறி, பிஸ்கட், தண்ணிப் பாட்டில், கையில ஆட்டுற லைட். பையை வாங்க நீளமா வரிசை நிக்கும். பையை வாங்குனதும் கூட்டம் கலைஞ்சுடும். நாட்டுப் பண் பாடுறப்ப நானும் எம்.சி.யும் நாற்காலி அடுக்குற பங்களாதேஷ் பையனுந்தான் நிப்போம். சின்னவங்க எல்லாம் லாங் வீக்கெண்டுன்னு முந்தின நாளே பாலம் தாண்டி ஜோகூருக்குப் போயிடுறாங்க, மீன் திங்க.

அப்பத்தான் நான் கொடி வேலையை எடுத்தேன். யாராவது ஒருத்தன் செய்யணும்ல? பத்து மாடி, மாடிக்கு மாடி கொரிடோர்க் கம்பியில ஒரே உயரத்துல, ஒரே இடைவெளியில கொடி. கீழ நின்னு பாத்தா வெள்ளையும் சிவப்புமா அலையடிக்கும். அழகாக் கொடி கட்டுன புளோக்குக்கு வருஷா வருஷம் பரிசு உண்டு. எங்களுக்கு ரொம்ப வருஷமாக் கிடைச்சதில்ல. ஏன் கிடைக்கல? உங்கப்பாவால.

கோவிச்சுக்காதே. செத்தவரைப் பத்திப் பேசுறேன்னு நினைக்காதே. நடந்ததைச் சொல்றேன்.

உங்கம்மா தவறிப்போன வருஷம், நான் வழக்கம்போல எல்லா வீட்டுக் கம்பியிலேயும் கட்டிக்கிட்டே வந்து உங்க வீட்டுக் கம்பியிலேயும் கட்டிட்டேன். மறுநாள் காலையில பாக்குறேன், கொடி இல்ல. என் வாசல்ல மடிச்சு வச்சிருக்கு, நாலு மூலையும் சேர்த்து, புதுச் சேலை மடிப்பு மாதிரி. நான் திரும்பவும் கட்டுனேன். திரும்பவும் மடிச்சு வச்சுட்டாரு. எனக்குக் கோவம் வருமா வராதா? வரிசையில உங்க வீடு மட்டும் பல்லு விழுந்த வாய் மாதிரி நிக்குது. போய்க் கேட்டேன். "என்னய்யா வைரம், நாட்டுக் கொடி உனக்கு முள்ளாக் குத்துதா?"ன்னேன். அவரு மெதுவாத்தான் சொன்னாரு, "பக்கிரி, அந்தக் கம்பியில ஜெயம் கட்டும். அவ கை முடிச்சு இன்னும் ரெண்டு நூலா அங்கேயே இருக்கு. நீ கட்டாதே. எனக்கு மனசு வந்தா நானே கட்டுறேன்."

நூலாம்! அழுக்கு நூல் ரெண்டு. அதுக்காக நாட்டுக் கொடி வேணாமாம். நான் சும்மா இருக்கிற ஆளா? கொரிடோர்ல நாலு பேரு நிக்கிறப்பச் சத்தமாவே சொல்லிட்டேன், "இந்த நாடு உனக்கு வீடு குடுத்துச்சு, வேலை குடுத்துச்சு, நன்றி கெட்டவன்யா நீ"ன்னு. அவரு என்னையே கொஞ்ச நேரம் பாத்துட்டு உள்ள போயிட்டாரு. அதோட பேச்சு நின்னுபோச்சு. எதிர எதிர வந்தா நான் லிஃப்ட் பொத்தானைப் பாப்பேன், அவரு செருப்பைப் பாப்பாரு.

ஆனா சுவத்தை மட்டும் விடல மனுஷன். வருஷம் பூராத் தட்ட மாட்டாரு. நேஷனல் டே அன்னைக்கு மட்டும், நான் டிவியைப் போட்டு, பரேட் தொடங்கப்போவுது பாரு, சரியா அப்பத் தட்டுவாரு. எங்க டிவி சத்தம் அவருக்கு ஆகல. காது மந்தமான ஆளுக்கு என் டிவி சத்தம் எப்படிக் கேட்டுச்சோ! வேணும்னே செய்றாருன்னு நான் பதிலுக்கு இடிகல்லை எடுத்து ரெண்டு போடு போடுவேன். அடங்கிடுவாரு. வருஷா வருஷம் இதே கூத்துதான்.

அத்தைக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான், பாவம். "ஏங்க, அவரு கூப்பிடுறாரோ என்னமோ, ஜெயம் தட்டுற மாதிரியே இருக்கே"ம்பா. கூப்பிடுறவன் வாசலுக்கு வந்து கூப்பிட மாட்டானான்னு நான் கேப்பேன். அவ வாயை மூடிக்குவா.

சர்க்கரை போதுமா? சரி, கேளு, இப்பத்தான் போன வருஷத்துக்கு வர்றேன்.

போன வருஷம் நான் ஒரு தந்திரம் பண்ணேன். வழக்கமா ஜூலை கடைசியிலயே கட்டிடுவேன், அவரு அவிழ்த்துடுவாரு. இந்தத் தடவை உங்க கம்பியை மட்டும் விட்டு வச்சேன். நேஷனல் டே அன்னைக்குக் காலையில, விடிஞ்சும் விடியாம போய்க் கட்டுனேன். அந்தப் பழைய முடிச்சு மேலேயே கட்ட வேண்டியதாப் போச்சு, அவிழ்த்துப் போட்டுட்டு இறுக்கிக் கட்டுனேன். அவரு அந்த நேரத்துக்கு எந்திரிச்சு வாளியை உருட்டுவாரு, அன்னைக்குச் சத்தமில்ல. சன்னல் கண்ணாடி எல்லாம் மூடியிருந்துச்சு. லீவு நாளு, தூங்கட்டும்னு விட்டுட்டேன். மத்தியானம் போய்ப் பாத்தேன், கொடி இருந்துச்சு. சாயங்காலம் போய்ப் பாத்தேன், இருந்துச்சு. எனக்கே நம்ப முடியல.

சாயங்காலம் நானும் அத்தையும் டிவி முன்னால உக்காந்தோம். தலைவர்கள் வந்து இறங்குறாங்க, பேண்டு வாசிக்கிறாங்க, தட்டுனாரு. வந்துட்டாருடா வாத்தியாருன்னு நான் சிரிச்சேன். கொடியைப் பாத்துட்டுக் கடுப்புல தட்டுறாருன்னு நினைச்சேன். டிவி சத்தத்தைக் கூட்டுனேன். இடிகல்லைத் தேடுனேன், அத்தை எங்கேயோ ஒளிச்சு வச்சுட்டா. கையாலேயே ரெண்டு குத்து குத்துனேன். அப்புறம் பிளேன் வந்துச்சு, டாங்கி வந்துச்சு, நடுவுல ஒரு தடவை தட்டுனாரு. அத்தை எந்திரிச்சா. "உக்காருடி, நீ போனா நான் தோத்த மாதிரி"ன்னேன். உக்காந்துட்டா.

அதுக்கப்புறம் வாணவேடிக்கை. அத்தோட சரி.

மறுநாள் காலையில கதவைத் திறந்ததும் முதல் வேலையா அங்கதான் பாத்தேன். கொடி அப்படியே இருக்கு கோதை! ஆட மாட்டேங்குது அசைய மாட்டேங்குது, நான் கட்டுன மாதிரியே இருக்கு. என் வாசல்ல மடிப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. அடி மேல அடி வச்சா அம்மியும் நகரும்பாங்களே, இந்த மனுஷன் மனசு நகர்ந்துட்டுதுன்னு நினைச்சேன். நிஜமாச் சொல்றேன், கண்ணுல தண்ணி வந்துருச்சு. பழகுன பழக்கமில்லையா? அவரு சன்னல்கிட்டப் போனேன். மூடித்தான் இருந்துச்சு. வெளியில நின்னுக்கிட்டே, "வைரம், ரொம்ப சந்தோஷம்யா. பழசை நானும் மறந்துடுறேன்"னு சொன்னேன். கொஞ்ச நேரம் நின்னேன். ஒருத்தன் இறங்கி வர்றான், ஒரு வார்த்தை திரும்பச் சொன்னா என்ன? அந்த ரோஷந்தான் உங்கப்பாகிட்ட எனக்குப் பிடிக்காதது. நானும் முதுகைத் திருப்பிக்கிட்டு வந்துட்டேன்.

அடுத்த வாரம் பரிசுக்குப் பாக்க வந்தாங்க. கீழ நின்னு போட்டோ எடுத்தாங்க. முதல் மாடியிலேருந்து பத்தாவது மாடி வரைக்கும் ஒரு கொடி குறையல. எங்களுக்குத்தான் பரிசு. அந்தா, அலமாரி மேல இருக்கே கண்ணாடிக் கேடயம், அதுதான். மேடையில என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. உங்கப்பாவுக்கும் இதுல பங்கிருக்குன்னு நான் மைக்குல சொன்னேன். சொல்லலைன்னு யாராவது சொல்லட்டும் பாப்போம்.

நாத்தமா? அடிச்சுச்சு. நான் ஏன் மறைக்கணும்? ஆனா அது எலின்னு நினைச்சோம். குப்பை போடுற குழாய்க்குள்ள எலி செத்துக் கிடந்தா அப்படித்தான் அடிக்கும், முன்னாடியே ரெண்டு தடவை அடிச்சிருக்கு. ஆளைக் கூப்பிட்டுக் குழாயைக் கழுவ வச்சதே நான்தான். கழுவியும் போகல. உங்களுக்கு அடுத்த வீட்டுல வேற தரை ஓட்டை ஒடைச்சு ரெனவேஷன் நடந்துச்சு, சிமென்ட் வாடை, பெயின்ட் வாடை, எது எதுன்னு பிரிக்கிறது? தினம் பொழுது சாய சாம்பிராணி போட்டேன். உங்க வாசப்படி வரைக்கும் கொண்டுபோய்ப் புகை காட்டிட்டு வருவேன். பக்கத்து வீட்டுக்காரன்கிற கடமைக்குத்தான் செஞ்சேன், எவன் செய்வான் இந்தக் காலத்துல?

அத்தை சொன்னா, இல்லேங்கல. "அவரு இருமுற சத்தமே கேக்கலையே, போய்க் கதவைத் தட்டிப் பாருங்க"ன்னா. நான் சொன்னேன், "சன்னல்ல நின்னு பேசுனவன் நான். இனி அவரு முறை. அவரு தட்டட்டும்." பொண்ணுகிட்ட பெர்த்துக்குப் போயிருப்பாருன்னும் நினைச்சேன். நீ வீட்டை வித்துட்டு அங்க வந்துடுங்கப்பான்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தேல்ல? அவரு முடியாதுன்னாரு, நீ கோவிச்சுக்கிட்டு போன் பண்றதைக் குறைச்சே. இந்தச் சுவத்துல எல்லாங் கேக்கும்மா. நான் குத்தமாச் சொல்லல. அழாதே. ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு கோவம், உலகம் அப்படித்தான். ஊரு வாயை மூட உலைமூடி ஏது? உன்னையும் பேசுனாங்க, என்னையும் பேசுனாங்க.

கடைசியில ரொக்கையாதான் போலீசுக்குப் போன் பண்ணுச்சு. அந்தம்மா வீடு கொரிடோர் அந்தக் கோடியில, அதுக்கு என்ன தெரிஞ்சுச்சுங்கிறே? "அவரு வாசல் செடி காஞ்சுபோச்சு"ன்னு சொல்லிச்சாம். செடியை யாரு பாத்தா! நான் கொடியைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். போலீசு வந்து கதவை உடைச்சாங்க. நான் உள்ள போகல. போக விடல. விட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

ஹால்லதான் கிடந்தாராம். கட்டில்ல இல்ல, நாற்காலியில இல்ல. தரையில, சுவத்துல சாஞ்ச மாதிரி. இந்தச் சுவருதான், நீ இப்பச் சாஞ்சிருக்கியே, இதுக்கு அந்தப் பக்கம். வழுக்கி விழுந்து இடுப்பு உடைஞ்சிருக்கும்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் தவழ்ந்து வந்திருக்காரு. எதுக்குச் சுவத்துப் பக்கம் வந்தாருன்னு தெரியல. போனு எதிர்ச் சுவத்து மேசையில இருந்துச்சாம். கையிலே கட்டைக் காம்பு போட்ட கரண்டி. சமைச்சுக்கிட்டு இருந்திருப்பாரு போல. ஆனா ஹால்ல கரண்டிக்கு என்ன வேலைன்னு அந்தப் போலீஸ்காரப் பையன் என்னைக் கேட்டான். எனக்கென்ன தெரியும்?

அதுக்கப்புறம் என்னாச்சு தெரியுமா? கமிட்டியில கூப்பிட்டு, "அங்கிள், உங்களுக்கும் வயசாச்சு, கொடி வேலையை இனி சின்னவங்க பாத்துக்கட்டும்"னாங்க. சின்னவங்க ஜோகூர்ல இருக்காங்க! என் முகத்தைப் பாத்துப் பேசல ஒருத்தரும். லிஃப்ட்டுல ஏறுனா ரொக்கையா இறங்கிடுது. இத்தனை வருஷம் இந்தப் புளோக்குக்கு உழைச்சவனுக்கு இதுதான் மரியாதை. எனக்கு வயிறு எரியுது கோதை, சொல்லக் கூடாதுன்னு பாத்தேன், எரியுது. ஒரு மனுஷன் கதவைச் சாத்திக்கிட்டுச் செத்தா அதுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் என்ன பண்ணுவான்? தட்டியிருந்தா நான் போயிருக்க மாட்டேனா?

என்ன அப்படிப் பாக்குறே?

அன்னைக்கா? நேஷனல் டே அன்னைக்கா? அதான் சொன்னேனே, சத்தத்துக்குத் தட்டுனாரு. எத்தனை தட்டா? மூணுதான். எப்பவும் மூணுதான் தட்டுவாரு. முதல்ல மூணு. நான் கையால குத்துனேன்னு சொன்னேன்ல, அதுக்கப்புறம் கொஞ்சம் வேகமாவே தட்டுனாரு, அதுவும் மூணு. பிளேன் போனப்புறம் மூணு. அது மெதுவா இருந்துச்சு. எங்காதுல விழுந்துச்சு, அத்தைக்குச் சரியாக் கேக்கல, அவ என் முகத்தைப் பாத்தா. கடைசியா வாணவேடிக்கைக்கு நடுவுல. எல்லாரும் கத்துறாங்க, வானம் பூரா வெளிச்சம், அந்த இரைச்சல்லயும் எனக்குக் கேட்டுச்சு பாத்துக்க. ரெண்டு. மூணாவது வரல. ரெண்டோட நின்னுபோச்சு. சரி, அடங்கிட்டாருன்னு நான் சத்தத்தைக் குறைச்சேன்.

இல்லம்மா. அதுக்கப்புறம் தட்டல. அதுக்கப்புறம் இருமலும் இல்ல, வாளியும் இல்ல. மறுநாள் காலையிலேருந்து ஒண்ணுமே இல்ல. நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன், வேணும்னா அத்தையைக் கேளு. கேக்காதே, வேணாம். அவ இதைப் பத்திப் பேசுனா அழ ஆரம்பிச்சுடுறா. அந்தச் சுவத்துப் பக்கம் தலை வச்சுப் படுக்க முடியலைன்னுதான் கிளம்பிப் போனா. முட்டி வலியும் இருக்கு.

போன்ல என்ன பாக்குற? பஞ்சாங்கமா? இப்பப் பஞ்சாங்கமெல்லாம் போன்ல வந்துருச்சா? சாயங்காலந்தான், ஆமா, பொழுது சாஞ்சிருச்சு. வாணவேடிக்கைன்னா இருட்டுனப்புறந்தானே விடுவாங்க.

பிரதமையா? ஆடி மாசம், தேய்பிறைப் பிரதமை. அப்ப இன்னும் ரெண்டு வாரந்தான் இருக்கு. நேஷனல் டேக்கு முன்னாடியே வந்துருதா? திதி அப்படித்தான், ஒரு வருஷம் முன்னால வரும், ஒரு வருஷம் பின்னால போகும். லீவு நாள்ல வந்திருந்தா எல்லாருக்கும் வசதியா இருந்திருக்கும். பரவாயில்ல. நாள் கிடைச்சுருச்சுல்ல? நான் சொன்னேனா இல்லையா, எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னா அதுல நாள் இருக்கும்னு. பேப்பர்க்காரன் வந்து கேட்டிருந்தா அவனுக்கும் சொல்லியிருப்பேன். கேக்காம எழுதிட்டான்.

ஏம்மா எந்திரிச்சுட்டே? கோப்பி அப்படியே இருக்கே, ஆறிப்போச்சா? ஏன் சுவத்துல கை வச்சுக்கிட்டே நிக்கிற? அங்க ஒண்ணுமில்ல, பெயின்ட் அடிச்சாச்சு. கோதை. இந்தாம்மா, கண்ணைத் துடைச்சுக்க. இந்தத் துணி வேணாம், இது கொடி, இரு, துண்டு எடுத்துத் தர்றேன்.

போறியா? சரி. சாவி கையில இருக்குல்ல? உள்ள தூசியா இருக்கும், ஒரு தரம் பெருக்கிட்டு உக்காரு. திதி முடியிற வரைக்கும் இங்கதானே தங்குவே? தங்கு, தனியா இருக்கேன்னு பயப்படாதே, நான் எங்கயும் போகமாட்டேன். அப்புறம், இன்னொண்ணு. கமிட்டி வேணாம்னு சொன்னாலும் இந்த மாடிக்காவது நானே கட்டிடலாம்னு இருக்கேன். உங்க கம்பியிலேயும் ஒண்ணு கட்டிடட்டுமா? நீ இருக்கப்பக் கேட்டுட்டுத்தான் கட்டுவேன், அப்பாகிட்ட கேக்காமக் கட்டுன மாதிரி இல்ல.

பதில் சொல்லாமப் போறியே. உங்கப்பா மாதிரியேதான் நீயும்.

பாத்துப் போ, வாசப்படி. ராத்திரியில ஏதாவது வேணும்னா வெளிய வர வேணாம், சுவத்துல தட்டு கோதை. மூணு தட்டு தட்டுனாப் போதும், மாமா ஓடி வந்துடுவேன். இந்த வயசுலயும் காது நல்லாக் கேக்குது எனக்கு.